15 வயசு வண்டி: வைக்கவா, விற்கவா?



பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கும் வெள்ளை வண்டியைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "இன்னுமா சார் இதை வச்சிருக்கீங்க?" ஆளாளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துப்போனது. அதோடு, உங்களில் பலருடைய வீட்டிலும் இதே வயதில் ஒரு வண்டி நிற்கிறது என்பதும் பேச்சில் தெரிந்தது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த பொறுமையோடு படியுங்கள்.

வண்டியை உங்களுக்குத் தெரியும். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. 2011 மார்ச்சில் பதிவு. மீட்டரில் இன்று 2,38,000 கிலோமீட்டர். சின்னமனூருக்கும் கூடலூருக்கும் இடையே தினமும் போக வர 60 கிலோமீட்டர், ஒன்பது வருடம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது இதுதான். உங்களில் சிலர் அறிவியல் கண்காட்சிக்கும் கபடிப் போட்டிக்கும் இதில் தேனிக்கு வந்திருக்கிறீர்கள். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பாட்டுப் பாடியதும் இதில்தான். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டம் குறைந்துவிட்டது. இப்போது வருடத்துக்கு 7,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

வரும் மார்ச்சோடு பதிவு 15 வருடம் முடிகிறது. வைக்கவா, விற்கவா என்று இப்போது முடிவெடுத்தாக வேண்டும்.

முதலில் ஒரு தப்பான தகவலைத் திருத்துகிறேன். "15 வருஷம் ஆயிட்டா கவர்மெண்டே எடுத்து உடைச்சிரும்" என்று நம் சொந்தத்திலேயே பாதிப் பேர் நம்புகிறார்கள். அது டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பற்றிய பேச்சு. அங்கே காற்று மாசுக்காக 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெயே ஊற்றக் கூடாது என்று ஆரம்பித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். முடிவதற்கு 60 நாளுக்குள் விண்ணப்பித்து, ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். கார் என்றால் இதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் இருந்து 5,000 ரூபாய். பசுமை வரி தனி. ஆக, 15 வருடம் ஆவதால் மட்டும் ஒரு வண்டி செத்துப்போவதில்லை.

அடுத்தது கணக்கு. கணக்கு வாத்தியார் கணக்கில்லாமல் பேச முடியுமா?

என் பெரியவன் சென்னையில் இருந்து போன் போட்டான். "அப்பா, சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா இறங்கிருச்சு, இப்ப வாங்கிருங்க. மாசத் தவணை நான் கட்டுறேன்." 2025 செப்டம்பர் 22 முதல் இறங்கியது உண்மைதான். அவன் காட்டிய கார் எல்லாச் செலவும் சேர்த்து எட்டு லட்சம். இன்சூரன்ஸ்காரர்கள் தேய்மானத்துக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். அதன்படி ஐந்தாவது வருட முடிவில் வண்டியின் மதிப்பில் பாதி போய்விடும். அதாவது எட்டு லட்சம் நாலு லட்சம் ஆகும். வாசலில் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் வருடத்துக்கு 80,000 ரூபாய் கரையும். தவணை வட்டி இதில் சேரவில்லை.

பழைய வண்டிக்கு கடந்த மூன்று வருடத்தில் நான் செய்த செலவை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 31,000, 24,000, 46,000. சராசரி 33,700 ரூபாய். இது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது, புதுப் பெட்ரோல் கார் 18 தரும் என்று வைத்துக்கொண்டால், 7,000 கிலோமீட்டருக்கு எண்ணெய்ச் செலவில் 11,000 ரூபாய்தான் வித்தியாசம். ஆக 45,000-க்கும் 80,000-க்கும் போட்டி. கணக்கில் பழைய வண்டிதான் ஜெயிக்கிறது. குறைவாக ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிற பிள்ளைகள் தனியாகப் போட்டுப் பாருங்கள், விடை மாறலாம்.

மீட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் தேவையில்லாதது. தேனி சாலையில் நாலாவது, ஐந்தாவது கியரில் ஒரே சீராக ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டரும், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏறி இறங்கிய ஐம்பதாயிரமும் ஒன்றா? எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எந்த ரோட்டில், யார் கையில், எப்படிப் பராமரித்து ஓடியது என்பதுதான் முக்கியம். 15 வருடம் உங்கள் கையிலேயே இருந்த வண்டியின் நோய் நொடியெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவனுக்கு அது தெரியாது. அதனால் அவன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான். நல்ல பழைய வண்டி, வாங்குகிறவனுக்கு இருப்பதைவிட வைத்திருக்கிறவனுக்குத்தான் மதிப்பு கூடுதல்.

இவ்வளவும் சொல்லிவிட்டு "அப்ப வச்சுக்க வேண்டியதுதானே" என்று நானும் இருந்திருப்பேன். அக்டோபர் மாதம் ஒரு ராத்திரி அந்த நினைப்பு போனது.

உங்கள் டீச்சரம்மாவுக்கு இதயச் சிகிச்சை நடந்தது பலருக்குத் தெரியும். மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு மதுரை போனோம். காலையில் கிளம்பும்போதே அவள் சொன்னாள்: "ஏங்க, இவ்வளவு தூரம் இந்த வண்டி எதுக்கு? வாடகைக் கார் சொல்லிருவோமே." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதினாலு வருஷமா ஒரு தடவை நடுரோட்டுல நின்னுருக்கா இது?"

திரும்பி வரும்போது இரவு எட்டரை. உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் சூடு காட்டும் முள் மேலே போய் நின்றது. பானட்டில் இருந்து ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து தண்ணீர் எல்லாம் போய்விட்டது. மழைத் தூறல், இருட்டு, போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. லாரிகள் ஒட்டி ஒட்டிப் போகின்றன. அவளை இறக்கி ரோட்டோரம் கல்லில் உட்கார வைத்தேன். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினி லாரித் தம்பிதான் எங்களைத் தேனி வரைக்கும் ஏற்றி வந்தார். ஊர் பேர் கேட்க மறந்துவிட்டேன். நல்லா இருக்கட்டும்.

இதில் வண்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஜூன் மாதமே பட்டறையில், அவரும் நம் பழைய மாணவர்தான், "சார், ஹோஸ் உப்பிப்போய் இருக்கு, மாத்திருவோம்" என்றார். "அடுத்த சர்வீஸ்ல பாப்போம்ப்பா" என்றது நான். சில நூறு ரூபாய்ச் சாமான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகளை எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்! அன்றைக்கு என்னை நிறுத்த ஆள் இல்லை.

மறுநாளே விற்றுவிடுவது என்று முடிவு செய்து புரோக்கரிடம் சொன்னேன். முதலில் வந்தவர் ஒரு குடும்பஸ்தர், 1,75,000 கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இரண்டாவது வந்தவர் பேரமே பேசவில்லை. 2,10,000 தருகிறேன் என்றார். பானட்டைத் திறக்கவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பின் சீட்டைக் கழட்டிட்டு ரெண்டு பக்கமும் பெஞ்சு போட்டா, எத்தனை ஆளு ஏத்தலாம் சார்?"

ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோக. கம்பம்மெட்டுப் பாதையில்.

வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காகச் சொல்கிறேன். நம் பள்ளத்தாக்கில் இருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஏறுவதற்கு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள். விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குவாளியோடு பெண்கள் நிற்பார்கள். ஜீப்பில் உட்கார இடம் இருக்காது, ஒருத்தர் மடியில் ஒருத்தர் என்றுதான் போவார்கள். சாயங்காலம் அதே இறக்கத்தில் இறங்கி வருவார்கள்.

என் வகுப்பில் இருந்த பலருடைய அம்மாக்கள் அந்த வண்டிகளில் போனவர்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அது தெரியும். காலைச் சாப்பாடு யாரும் செய்து தராமல் பசியோடு வந்த பிள்ளையைப் பார்த்து, "அம்மா தோட்டத்துக்கா?" என்று கேட்டால் தலை மட்டும் ஆடும். மழை நாளில் சாயங்காலம் வண்டி வரத் தாமதமானால் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் மனைவியை ஏற்றத் தகுதியில்லை என்று நான் விற்க நினைத்த வண்டியில், பதினைந்து பேருடைய அம்மாக்களை ஏற்றுவதற்கு 35,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாமா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். "ஆர்சி இப்போதைக்கு உங்க பேர்லயே இருக்கட்டும் சார். மெதுவா மாத்திக்கலாம்." பிள்ளைகளே, இதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நவீன் குமார் என்பவருக்கும் விஜய்குமார் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007-ல் விற்ற கார், கை மாறிக் கை மாறிப் போய், 2009-ல் விபத்தில் ஓர் உயிர் போனது. ஆர்சி முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. வண்டி யார் கையில் இருந்தாலும் சரி, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றார்கள். விற்று இரண்டு வருடம் ஆன வண்டிக்கு! சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் தாக்கலாகி ஆர்சியில் பெயர் மாறியதை நீங்களே பார்க்கும்வரை அந்த வண்டி உங்களுடையதுதான்.

அதோடு, சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ், கூலிக்கு ஆள் ஏற்றுவதற்குச் செல்லாது. மலையில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண்களுடைய குடும்பத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். அந்த வீட்டு ஆட்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

இதில் இருந்து எனக்கு ஒன்று புரிந்தது. "வைக்கவா, விற்கவா" என்பது இரண்டாவது கேள்வி. வண்டி ஆள் ஏறத் தகுதியாக இருக்கிறதா, இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. தகுதி என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், மனசாட்சியோடு விற்கவும் செய்யலாம். நம்மில் எத்தனை வீட்டில் முதல் கார் பழைய கார்! அதில் கேவலம் ஒன்றுமில்லை. தகுதி இல்லை என்றால் சரி செய்ய வேண்டும். சரி செய்ய முடியாது என்றால் அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்று வாங்கி, ஆர்சியை ரத்து செய்துவிட வேண்டும். பணம் குறைவாகத்தான் வரும். ஆனால் நாம் ஏறப் பயப்படுவதை நம்மைவிட இல்லாதவர் தலையில் கட்டுவதற்கு விற்பனை என்று பெயர் வைக்கக் கூடாது.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். "சார், நீங்க விக்கலன்னா அவர் வேற வண்டிய வாங்கிட்டுப் போறாரு. அந்தப் பொம்பளைங்க எப்படியும் ஏதோ ஒரு ஓட்டை வண்டியிலதான் போவாங்க." உண்மை. என் ஒரு வண்டியால் கம்பம்மெட்டு மாறப்போவதில்லை. அதை மாற்ற வேண்டியவர்கள் தோட்டக்காரர்களும் இரண்டு மாநில அரசுகளும். ஆனால் "நான் காப்பி அடிக்காவிட்டாலும் பக்கத்து பெஞ்சுக்காரன் அடிக்கத்தான் போகிறான் சார்" என்று நீங்கள் சொன்னபோது நான் ஒத்துக்கொண்டேனா?

சரி, என் வண்டி தகுதியா இல்லையா? பட்டறைத் தம்பியிடம் சொன்னேன்: "எனக்காக இனிப்பாப் பேசாத. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரிப் பாரு." ஒரு நாள் முழுக்க லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார். அடிச்சட்டத்தில் துரு தின்ற ஓட்டை எதுவும் இல்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது. குளிர்விக்கும் ஹோஸ்கள் எல்லாமே மாற்ற வேண்டும். பிரேக் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. பிரேக் ஆயில் கறுத்துப்போய் இருந்தது. அந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில், மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது சூட்டில் கொதித்துவிடும். அப்போது மிதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. டயரில் பள்ளம் இருந்தது, ஆனால் வயது முடிந்துவிட்டது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. இன்று உங்கள் வண்டியில் போய்ப் பாருங்கள்.

எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆனது. செய்துவிட்டேன். மலையில் ஓட்டிப் பார்த்தார், நானும் ஓட்டிப் பார்த்தேன். வண்டி இப்போது தகுதிதான்.

ஆனால் எந்தப் பட்டறையாலும் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. 2019-க்குப் பிறகு வந்த புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம். அதற்குப் பிறகு முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயமானது. என் வண்டியில் இவை எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது இந்தக் குறை பெரிய குறை. பெரியவன் சொன்னதில் இது ஒன்று நியாயம், ஒத்துக்கொள்கிறேன். இளம் குடும்பம், கைக்குழந்தை, வாராவாரம் நெடுஞ்சாலை என்று இருக்கிற பிள்ளைகள் நான் போட்ட கணக்கைப் பார்த்துப் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உங்களுக்கு அந்த 35,000 மிச்சம் மிச்சமே இல்லை.

என் முடிவு இதுதான். பதிவைப் புதுப்பிக்கப் போகிறேன். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில், பகலில், 60-க்கு மேல் போகாமல் ஓட்டுவேன். மதுரை ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார். வருடத்துக்கு ஆறு முறை போனாலும் புதுக் காரின் தேய்மானத்தில் பாதிகூட ஆகாது. ராத்திரி ஓட்டுவதில்லை. அதற்கு வண்டி மட்டும் காரணமில்லை, 64 வயதுக் கண்ணும் காரணம். ஒவ்வொரு ஜூனிலும் லிஃப்டில் ஏற்றி முழுப் பரிசோதனை. அடிச்சட்டத்தைத் துரு தின்றுவிட்டது என்று தம்பி என்றைக்குச் சொல்கிறாரோ, அன்றைக்கு நேரே உடைப்பு மையம். நடுவில் யாருக்கும் கொடுப்பதில்லை.

இந்த முடிவை உங்கள் டீச்சரம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "பட்டறைத் தம்பி ஒண்ணு மாத்தச் சொன்னா, இனிமே உங்ககிட்டச் சொல்ல வேண்டாம். எனக்குப் போன் போடச் சொல்லுங்க." அவள் நம்பரை அன்றைக்கே பட்டறையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பழைய வண்டியைப் பற்றியும் எழுதுங்கள். விற்றவர்கள், ஆர்சியில் பெயர் மாறிவிட்டதா என்று இன்றே பாருங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சின்னமனூர்.